கொசுவலை கட்டின பந்தல்

பூட்டியிருக்குதுங்களே. இதுதானுங்க சாந்தாமணி ஊடு? போன தடவை நான் வந்தப்ப இரும்புக் கேட்டு நீலமா இருந்துச்சு, இப்பப் பச்சை அடிச்சிருக்கறாங்க, அதான் சந்தேகமாப் போச்சு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி நாலு பேர்த்தைக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்துட்டேன். வாய் இருந்தா வங்காளம் போலாம்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க.

ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம். சரி, வர்றேன். இந்தச் சேர்லயே உக்காந்துக்கறேன், இங்கிருந்து அவங்க கேட்டு நல்லாத் தெரியுது. பை கனங்க, கையெல்லாம் செவந்து போச்சு. காப்பி வேண்டாம், ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடுங்க. கடைக்குப் போயிருப்பாங்க, இப்ப வந்துருவாங்க.

நீங்க எந்தப் பக்கம்? மதுரையா? பேச்சுல தெரியுது. நான் வெள்ளகோயில்ங்க. உங்க பக்கத்து ஊட்டுல ஒண்ணரை மாசமா வந்து இருக்கறாளே கௌசல்யா, வாயும் வயிறுமா, அவளைப் பெத்தவ நானு. சாந்தாமணி எனக்கு நாத்தனாரு, எங்க ஊட்டுக்காரரோட தங்கச்சி. ஏனுங்க அப்பிடிப் பாக்கறீங்க? கௌசி எம்மாதிரி இருக்க மாட்டா. அவங்கப்பா சாடை. எல்லாருஞ் சொல்லுவாங்க.

புள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க. நீங்களே நாயம் சொல்லுங்க அம்மிணி. மொதப் பிரசவம் தாய் ஊட்டுல நடக்கறதுதான மொறை? ஏழாம் மாசம் வளையல் போட்டுக் கட்டுச்சோறு ஆக்கிப் போட்டு, கையோட கூட்டிட்டு வர்றதுதான மொறை? நான் ஏழு வகை சோறு கட்டிக்கிட்டு பெங்களூருக்கே போனேன், மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. போட்டு முடிச்சுக் கெளம்பலாம்னா, கௌசி 'லீவு கெடைக்கலம்மா, அப்பறமா வர்றேன்'னா. சரின்னு வந்துட்டேன். அப்பறம் பாத்தா இங்க வந்து எறங்கியிருக்கறா, அத்தை ஊட்டுல. பெத்தவ குத்துக்கல்லாட்ட நான் இருக்கறப்ப அத்தை ஊட்டுல என்னங்க பிரசவம்? ஊருல கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது? 'பொள்ளாச்சியில பெரிய டாக்டரு, அத்தை ஊட்டுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி'ன்னு சொல்லி வெச்சிருக்கறேன். அதுதானுங்க விசயமும். ஆஸ்பத்திரி பக்கம்னுதான் வந்திருக்கறா. வேற ஒண்ணுமில்ல.

போன்ல சொல்லிட்டு வந்தா வேண்டாம்மான்னு சொல்லிருவா. அதான் சொல்லாம வந்தேன். இன்னும் பதினஞ்சு நாளு இருக்குதுன்னு டாக்டர் தேதி குடுத்திருக்கறாரு. காரு பேசிக்கிட்டு மெதுவாக் கூட்டிட்டுப் போயிருவேன்.

உங்களுக்குப் போனு அடிக்குதுங்க. எடுங்க, எடுங்க. எடுக்கலையா? சரி.

கோவமா? எம்மேல அவளுக்கு என்னங்க கோவம் இருக்கப் போகுது. வேசகாலத்துல, கோடையில, கொஞ்சம் மனத்தாபம். அதுவும் எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஒரு அரசாணிக்காய்க்கு. நீங்க மஞ்சப் பூசணின்னு சொல்லுவீங்க. ஒரு அரசாணிக்காய்க்கு ஆராச்சும் ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்களா?

நான் டிவி பொட்டி முன்னாடி உக்கார்ற ஆளு இல்லீங்க. எனக்குப் பொழுதுபோக்குன்னா பொடக்காலிதான். ஊட்டுக்குப் பின்னால ஆறு சென்ட்டு எடம். கத்தரி, வெண்டை, மொளகா, கொத்தவரை, எதையும் சந்தையில வாங்கறதில்ல. பாத்திரம் கழுவற தண்ணிய வாய்க்கா வெட்டி உட்டுருவேன். சித்திரை வெயில்ல ஊரே காஞ்சு கெடக்கும், எங்க பொடக்காலி மட்டும் பச்சைன்னு கெடக்கும். இந்த வருசம் அரசாணிய எலி கடிக்குதுன்னு ஒரு பந்தல் போட்டு ஏத்தி உட்டேன். கொடி அப்பிடி ஓடுச்சுங்க. சித்திரை பொறந்தப்ப எட்டுப் பிஞ்சு.

அந்தச் சமயத்துலதான் கௌசி வந்தா. மூணாம் மாசம். போன வருசம் ஆடியில ஒண்ணு தங்காமப் போயிருச்சுங்க, இதே மூணாம் மாசத்துல. அதனால இந்தத் தடவை ஊட்டுலயே வெச்சுப் பாத்துக்கலாம்னு நாந்தான் வரச் சொன்னேன். நட மெதுவா, படி ஏறாத, வெயில்ல போவாதன்னு அவ பின்னாலயே சுத்துனேன். அவளும் செவத்துக்குச் சாஞ்சு உக்காந்து வயர்க் கூடை பின்னிக்கிட்டு இருப்பா. வடகம் காயப் போட்டா காக்கா ஓட்டுவா. நல்லாத்தானுங்க போச்சு.

அப்பறம் சாந்தாமணி வந்தா. வருசா வருசம் வேசகாலத்துல பொறந்த ஊட்டுக்கு வந்து இருவது நாளு இருந்துட்டுப் போவா. அவ ஊட்டுக்காரரு செத்து ஒம்போது வருசமாச்சு. புள்ள குட்டி இல்ல. கௌசிதான் அவளுக்கு எல்லாம். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க அவளை. வேணும்னா அவளையே கேட்டுப் பாருங்க. நாக்கு மேல பல்லுப் போட்டு 'உனக்குப் புள்ள இல்ல'ன்னு நான் சொன்னதே இல்ல.

வந்த அன்னைக்கே பொடக்காலிக்குப் போனா. அவளுக்கும் செடி கொடின்னா உசுரு. வெதையெல்லாம் பொட்டலம் கட்டிக் கொண்டாருவா. பந்தலைப் பாத்துட்டு, 'எத்தனை பிஞ்சு நங்கை! எட்டு!'ன்னா. அண்ணன் பொண்டாட்டிய எங்க பக்கம் நங்கைன்னுதான் கூப்பிடுவாங்க. பிஞ்சை நீட்டுன வெரலால காட்டக் கூடாது, வெம்பிப் போகும்னு உங்க ஊர்லயும் சொல்லுவாங்கல்ல? அவளுக்குத் தெரியும். வெரலை மடக்கித்தான் காட்டுனா. அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வாயி எண்ணிருச்சுல்ல? மக்யா நாளு விடிஞ்சு பாத்தா மூணு பிஞ்சு மஞ்சளாப் போயி உழுந்து கெடந்துச்சு. நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுங்க. கரிச்சட்டியில சுண்ணாம்புப் புள்ளி வெச்சுக் கட்டுனேன். பழைய செருப்புக் கட்டுனேன். அதுக்கும் மறுநாளு ஒண்ணு உழுந்துச்சு. அப்பறந்தான் அட்டாலியில கெடந்த கொசுவலைய எறக்குனேன். ரெட்டைக் கட்டிலு வலைங்க அது, ரெண்டு இருந்துச்சு. ரெண்டையும் சேத்துத் தெச்சு, மேல, பக்கம், அடி வரைக்கும் பந்தலைச் சுத்திக் கட்டிட்டேன். ஒரு ஈ எறும்பு உள்ள போக முடியாது. எங்க ஊட்டுக்காரரு கூடச் சிரிச்சாரு, 'அரசாணிக்கு என்ன கொசு கடிக்குதா'ன்னு. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்.

அப்பவும் உழுந்துச்சுங்க, மிச்சமிருந்த நாலும்! புதுசா விடற பிஞ்சு, கோலிக்குண்டு அளவு வரும், பூ விரியும், நாலா நாளு மஞ்சளாகிப் பொத்துனு உழுகும். வலை கட்டுனதுக்கப்பறம் ஒண்ணு கூட நிக்கல. வலைக்குள்ள பூந்து பாக்கற கண்ணு எப்பேர்ப்பட்ட கண்ணா இருக்கோணும்! சாந்தாமணி சொல்றா, 'வலைய எடுத்துருங்க நங்கை, வண்டு வரோணும், தேனி வரோணும்'னு. வண்டு வந்தா காய் சொத்தையாத்தான போகும்? தோட்டத்துக்கு வண்டு வரோணும்னு வேண்டற ஆளை நான் அவ ஒருத்தியத்தான் பாத்திருக்கறேன்.

இப்பச் சொல்றதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க வேத்து ஊரு, சொல்லலாம். எட்டுப் பிஞ்சு இருந்தப்பவே நான் மனசுல ஒண்ணு முடிஞ்சுக்கிட்டேன். இந்தக் கொடியில ஒண்ணாச்சும் காயா நின்னா எம்மக வயிறும் நிக்கும்னு. சாமி முன்னாடி நின்னு வேண்டல, சும்மா ஒரு நாளு தண்ணி ஊத்தறப்ப நெனைச்சுட்டேன். நெனைச்சதுக்கப்பறம் அதை எப்பிடிங்க அழிக்கறது? ஒவ்வொரு பிஞ்சு உழுகறப்பவும் நான் பொடக்காலியில இருந்து ஓடி வந்து கௌசி மொகத்தைப் பாப்பேன். 'என்னம்மா?'ன்னு கேப்பா. 'ஒண்ணுமில்ல கண்ணு'ம்பேன். ராத்திரிக்குச் சோறு எறங்காது.

அந்த நெலமையில இருக்கறப்ப சாந்தாமணி மாங்காப் பச்சடி பண்ணிக் கௌசிக்குக் கொண்டாந்தா. நான் கீழ கொட்டிட்டேன். பல்லி எட்டிப் பாத்துச்சுன்னு சொன்னேன். ஒரு நாளு மத்தியானம் கௌசி படுத்திருக்கறா, இவ பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே அவ வயித்துல கைய வெக்கப் போனா. 'சாந்தாமணி, அடுப்புல பாலு பொங்குது, ஓடு'ன்னு கத்துனேன். ஓடுனா. அடுப்புல பாலே இல்ல. திரும்பி வந்து என்னையப் பாத்தா, தள்ளிப் போயி உக்காந்துக்கிட்டா. எம்மவளைக் காப்பாத்தறது எங்கடமை.

கொஞ்சம் தண்ணி இன்னும் குடுங்க. நாக்கு ஒட்டுது.

அந்தக் காலம்பறதான் எல்லாங் கெட்டுச்சு. வைகாசி ரெண்டாந்தேதி. அப்பத்தான் பொழுது கெளம்புது. நான் வாசத் தெளிச்சுட்டுப் பொடக்காலிக்குப் போறேன், வலை ஒரு பக்கம் தூக்கியிருக்குது. உள்ள சாந்தாமணி. அரசாணிப் பூவு ஒண்ணைப் பறிச்சு, இதழை உரிச்சுப் போட்டுட்டு, நடுவுல இருக்கற காம்பைப் பிஞ்சு இருக்கற பூவுக்குள்ள உட்டுத் தேய்க்கறா. மெதுவா, சுத்திச் சுத்தி. வாயில ஏதோ மொணமொணன்னு வேற. பூவைப் பறிக்கறா! எம்பந்தல்ல, ஆருக்குந் தெரியாம, இருட்டோட வந்து!

'என்னடி பண்றே?'ன்னு கேட்டேன். அவளை அன்னைக்குத்தான் நான் 'டி' போட்டது. 'ஆம்பளப் பூவைப் பொம்பளப் பூவுல தொட்டு வெக்கறேன் நங்கை, வண்டு பண்ற வேலைய நாம பண்ணுனா பிஞ்சு நிக்கும்'னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. பூவுல ஆம்பளை பொம்பளையாம்! எனக்கு அந்தச் சிரிப்பைப் பாத்ததும் என்ன ஆச்சோ தெரியல.

வாயில வந்துருச்சுங்க.

'புள்ள பெறாத கைய எதுக்குடி எம்பிஞ்சு மேல வெக்கறே? எம்மக வயித்தையும் இப்பிடித்தான் தொட்டுத் தொட்டுக் கலைக்கப் பாத்தியா?'ன்னு.

ஆமா, சொன்னேன். முன்ன சொல்லலைன்னு சொன்னேன்ல, இந்த ஒரு தடவைதான். கோவத்துல வர்றதை எல்லாம் கணக்குல சேத்துவாங்களா? நான் அதை மறந்தே போயிட்டேன். ஆனா கௌசி பொடக்காலிக் கதவுல நின்னுக்கிட்டு இருந்தா. எப்ப எந்திரிச்சு வந்தான்னு தெரியாது. கேட்டுட்டா. எங்க ஊட்டுக்காரரும் வேப்பங்குச்சிய வாயில வெச்சுக்கிட்டு நின்னாரு. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. சாந்தாமணி கையில இருந்த பூவைக் கீழ போடாம, பந்தக் காலு மேல வெச்சுட்டு வெளிய வந்தா. வலைய இழுத்து முன்ன மாதிரியே கட்டுனா. முடிச்சு ஒழுங்கா உழுந்துருச்சான்னு ரெண்டு தடவை இழுத்துப் பாத்தா. ஏழரை பஸ்ஸுக்குப் போயிட்டா. கௌசி நாலு நாளு எங்கிட்டப் பேசல, அஞ்சாம் நாளு மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. கட்டுச்சோத்துக்கும் சாந்தாமணி வரல, மேலுக்குச் சொகமில்லைன்னு சொல்லி உட்டா.

ஆனா பாருங்க, ஒரு காய் நின்னுருச்சு! பந்தல்ல அந்த ஒண்ணே ஒண்ணு. அவ தேய்ச்ச பூவுதான் அது, ஆனா அதுக்காக இல்ல. அன்னைக்குப் பொழுதோட நான் மொளகா உப்பு சுத்திப் போட்டேன்ல, அதுலதான் நின்னுச்சு. கௌசிக்கும் மூணு தாண்டி நாலு, நாலு தாண்டி அஞ்சுன்னு நல்லபடியாப் போச்சு. பையில இருக்கறது அந்தக் காய்தானுங்க. ஏழு கிலோ. இத்தனை நாளா அறுக்காம வெச்சிருந்தேன். சாந்தாமணிக்குத்தான் கொண்டாந்தேன். மாப்புக் கேக்கறதுன்னு எல்லாம் இல்ல. காயைக் கையில குடுத்தா அவளே புரிஞ்சுக்குவா. அவ அப்பிடிப்பட்டவதான்.

போனு மறுக்கா அடிக்குதுங்க. உள்ள போயிப் பேசறீங்களா? பேசுங்க, நான் உக்காந்திருக்கறேன்.

பேசிட்டீங்களா? இது என்னங்க சாவி? சாந்தாமணி ஊட்டுச் சாவியா? எங்கிட்டக் குடுக்கச் சொன்னாளா? நான் வருவேன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? 'நங்கை எப்பிடியும் வந்துருவாங்க, வெளிய நிக்க உட்றாதீங்க'ன்னு சொன்னாளா? மூணு நாளா உங்ககிட்டச் சாவி இருக்குதா? அப்ப மூணு நாளா அவங்க எங்க?

பொறந்துருச்சுங்களா!

முந்தாநேத்தா! பொம்பளப் புள்ளையா. சாமி, எஞ்சாமி. கௌசி? ரெண்டு உசுரும் நல்லா இருக்குதா? கத்தி வெக்கலையே? நல்லபடியாவே ஆச்சா? இருங்க, கண்ணைத் தொடச்சுக்கறேன். ஒண்ணுமில்ல, சந்தோசத்துல வர்றது. பச்சப் புள்ளையாட்டம் நான் அழுகறேன் பாருங்க.

எனக்கு ஏனுங்க சொல்லல? போனு வேலை செய்யாம இருந்திருக்கும். எங்க ஊட்டுக்காரருக்கும் தெரியாது, தெரிஞ்சா சொல்லாம இருப்பாரா? அவரு ஊர்ல இல்ல. முந்தாநேத்துக் கோயமுத்தூர்ல ஒரு கேதம், சாவு ஊடுன்னு கெளம்பிப் போனாரு. நானும் வர்றேன்னேன், நீ வேண்டாம்னாரு. இன்னும் திரும்பல.

ஆஸ்பத்திரியிலதான் இருக்கறாரா. ஓ.

அப்ப எல்லாரும் அங்கதான். மாப்பிள்ளை, அவரு, சாந்தாமணி. நீங்களும் நேத்துப் போயிப் பாத்துட்டு வந்தீங்களா. சரி சரி. இன்னைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டு வர்றாங்களா? பன்னண்டு மணிக்கா? அப்ப நான் போயி ஊட்டைக் கூட்டி, வெந்நி வெச்சு, ஆரத்தி கரைச்சு வெக்கறேன். பாட்டிதான ஆரத்தி எடுக்கோணும்?

ஏனுங்க, இன்னும் என்னமோ சொல்ல வர்றீங்க. கௌசி ஏதாச்சும் சொன்னாளா? சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்க அம்மிணி, கூட்டாம கொறைக்காம. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

'அம்மா வந்தா கொழந்தையக் காட்ட வேண்டாம். அம்மா கண்ணு படும்.'

அப்பிடியே சொன்னாளா. கோவமாச் சொன்னாளா? இல்லையா? அழுதுக்கிட்டா சொன்னா. சாந்தாமணி என்ன சொன்னா? வஞ்சாளா அவளை? 'பெத்தவளைப் பேசற பேச்சாடி இது'ன்னு வஞ்சாளா.

நான் சாந்தாமணியச் சொன்ன அன்னைக்கு அவளுக்காக எங்க ஊட்டுல ஆரும் வாயத் தெறக்கலீங்க.

இல்ல, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பையையும் நீங்களே குடுத்துருங்க. பதினொன்னேகால் பஸ்ஸைப் புடிச்சா பொழுது சாயறதுக்குள்ள ஊடு போயிருவேன். கோவம் எல்லாம் இல்லீங்க. மூணு நாளைப் புள்ள, பச்சை மண்ணு. நான் எத்தனை ஆசையாப் பாப்பேன்னு எனக்குத் தெரியும். ஆசையாப் பாக்கற கண்ணுதானுங்க மொதல்ல படும், பெத்தவ கண்ணானாலும். அன்னைக்கு அந்தப் பிஞ்சுகளைச் சாந்தாமணியும் ஆசையாத்தான் பாத்திருப்பா. நான் சும்மா இருந்திருக்கலாம்.

நேரமிருக்குதுல்ல இன்னும்? இப்பிடிக் கிட்ட வந்து உக்காருங்க. நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க. நெறம் எப்பிடி? தலையில முடி இருக்குதா? மூக்கு ஆரு மூக்கு? பாத்தவங்க சொல்லிக் கேட்டா அதுல ஒண்ணும் ஆகாதுல்லீங்க? மெதுவாச் சொல்லுங்க. நான் கண்ணை மூடிக்கிட்டே கேட்டுக்கறேன்.